சைலன்சர் விற்றுப் பந்தயம் ஓட்டியவர்: தேள் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் கார்லோ அபார்த்தின் கதை

சிக்னலில் நிற்கும்போது பின்னால் வரும் காரின் சத்தத்தை வைத்தே, அது ஷோரூமில் இருந்து வந்தபடியே ஓடும் வண்டியா, இல்லை ஏதாவது மாற்றம் செய்த வண்டியா என்று பலரும் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவது சைலன்சர்தான். அப்புறம் வீல், அப்புறம் ஸ்டியரிங், அப்புறம் ஸ்டிக்கர். பந்தயக் காரில் இருப்பது நம்ம காரிலும் கொஞ்சம் இருக்கட்டுமே என்ற ஆசை.

இந்த ஆசையை ஒரு பெரிய தொழிலாக மாற்றிக் காட்டியவர்களில் முக்கியமானவர் கார்லோ அபார்த். சிவப்பும் மஞ்சளும் கலந்த கேடயம், நடுவில் ஒரு கறுப்புத் தேள். இந்தச் சின்னத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஃபியட் காரின் ஒரு வேரியன்ட் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். பெரிய கார் கம்பெனிகளோடு மோத முடியாது என்று தெரிந்து, உலகத்தின் மிகச் சின்ன கார்களை எடுத்துக்கொண்டு வேகம் காட்டியவர் அவர். அதற்கான பணத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? சைலன்சர் விற்று!

ரயிலோடு போட்டி போட்ட இளைஞர்

1908 நவம்பர் 15 அன்று ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தவர் அபார்த். அப்போது அவர் பெயர் கார்ல். நவம்பரில் பிறந்ததால் மேற்கத்திய ஜோதிடக் கணக்கில் விருச்சிக ராசி. பின்னாளில் கம்பெனி சின்னமாகத் தேள் வந்தது இப்படித்தான்.

சின்ன வயதிலேயே மோட்டார் சைக்கிள் பைத்தியம். மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டே 1920களின் கடைசியில் பந்தயங்களில் இறங்கினார். ஓட்டுவதோடு நிற்காமல், தான் ஓட்டும் வண்டியைத் தானே பிரித்து மேய்வது அவருடைய பழக்கம். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த ஒரு மோசமான விபத்துக்குப் பிறகு தனி பைக்கை விட்டுவிட்டு சைடு கார் பக்கம் போனார். அதையும் தன் கையாலேயே வடிவமைத்துக் கொண்டார்.

1934இல் அவர் செய்த ஒரு காரியம் அவரை ஊருக்குத் தெரிய வைத்தது. அந்தக் காலத்தின் சொகுசு ரயிலான ஓரியன்ட் எக்ஸ்பிரஸோடு போட்டி! வியன்னாவுக்கும் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்துக்கும் இடையே சுமார் 1,300 கி.மீ. தூரம். இன்றைய நெடுஞ்சாலை எதுவும் கிடையாது. அந்தப் பாதையில் சைடு கார் வண்டியை ஓட்டி ரயிலை முந்திக் காட்டினார். அதில் கோப்பை எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று சொல்லலாம். டிராக்கில் ஜெயிப்பதைவிட, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஜெயிப்பது பெரிய விளம்பரம்.

1930களின் கடைசியில் யூகோஸ்லாவியாவில் நடந்த பந்தயத்தில் இன்னொரு விபத்து. இது உயிரையே ஆட்டிவிட்டது. நீண்ட நாள் ஆஸ்பத்திரி வாசம். ஓட்டுநராக அவர் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. போர் முடிந்ததும் வட இத்தாலியில் குடியேறினார். கார்ல் என்ற பெயர் இத்தாலிய வழக்கப்படி கார்லோ ஆனது.

மூழ்கிய கப்பலில் இருந்து கிடைத்த முதலீடு

அபார்த்துக்கு ஒரு பலம் இருந்தது. ஃபெர்டினான்ட் போர்ஷே குடும்பத்தோடு நல்ல பழக்கம். போர்ஷேவின் மருமகன் அன்டன் பியெக்கின் செயலாளராக இருந்த பெண்ணைத்தான் அவர் முதலில் திருமணம் செய்திருந்தார்.

போருக்குப் பிறகு இத்தாலியத் தொழிலதிபர் பியெரோ டூஸியோ, சிசிட்டாலியா என்ற பெயரில் பந்தயக் கார்கள் செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு கிராண்ட் பிரீ கார் வேண்டும். போர்ஷே குழுவுக்கு வேலை வேண்டும். பெரியவர் போர்ஷே அப்போது பிரான்சில் சிறையில் இருந்தார். அவரை மீட்கப் பணமும் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டியதில் அபார்த்துக்கும் பொறியாளர் ருடால்ஃப் ஹ்ருஸ்காவுக்கும் பங்கு உண்டு. ஒப்பந்தம் ஆனது. போர்ஷே 1947இல் வெளியே வந்தார். அபார்த், சிசிட்டாலியாவின் பந்தயப் பிரிவில் சேர்ந்தார்.

அந்த கிராண்ட் பிரீ கார் காகிதத்தில் அற்புதம். 12 சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் பவர். ஆனால் அதன் செலவே டூஸியோவின் கழுத்தை நெரித்தது. கார் பந்தயத்துக்குத் தயாராகும் முன்பே கம்பெனி தள்ளாடியது. டூஸியோ அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். அபார்த்துக்கு வர வேண்டிய பாக்கிக்குப் பதிலாகச் சில பந்தயக் கார்களும் உதிரிபாகங்களும் கிடைத்தன.

அதை வைத்து 1949 மார்ச் 31 அன்று போலோன்யா நகரில் அபார்த் அண்ட் கோ தொடங்கியது. பணம் போட்டவர் அர்மாண்டோ ஸ்காலியாரினி. கொஞ்ச காலத்திலேயே கம்பெனி, ஃபியட்டின் ஊரான டூரினுக்கு மாறியது.

மறு ஆண்டே ஒரு பெரிய பெயர் உதவிக்கு வந்தது. இத்தாலியே கொண்டாடிய பந்தய வீரர் தாஸியோ நுவொலாரி, 1950 ஏப்ரல் 10 அன்று பலெர்மோ அருகே நடந்த மலையேற்றப் பந்தயத்தில் அபார்த் 204ஏ காரை ஓட்டித் தன் பிரிவில் ஜெயித்தார். அவருடைய கடைசிப் பந்தயமும் அதுதான்.

புகழ் கிடைத்தாச்சு. ஆனால் சம்பளம் கொடுக்கப் புகழ் போதாதே! பந்தய டீம் நடத்தி ஒரு கம்பெனி எப்படிக் காலியாகும் என்பதை அபார்த் பக்கத்தில் இருந்தே பார்த்தவர். அதனால் அவர் தேடியது, தினமும் கல்லாவில் பணம் விழும் ஒரு பொருளை.

ஒரு சைலன்சரில் அப்படி என்ன இருக்கு?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்ததும் சூடான புகை வெளியே போக வேண்டும். அது ஒரே சீராகப் போகாது. ஒவ்வொரு சிலிண்டரும் மாறி மாறித் தள்ளுவதால் துடிப்பு துடிப்பாகப் போகும். அந்தத் துடிப்புதான் சத்தம். அந்தக் காலச் சாதாரண சைலன்சர்களில் உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும். புகை அவற்றில் மோதி, திரும்பி, வளைந்து வெளியேறும். சத்தம் குறையும். ஆனால் புகையை வெளியே தள்ளவே எஞ்சின் தன் பவரில் ஒரு பங்கைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

அபார்த் பிரபலமாக்கிய வகை வேறு மாதிரி. உள்ளே நேராகப் போகும் குழாய், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள், வெளியே சத்தத்தை உறிஞ்சும் நார் அடைப்பு. புகைக்குத் தடை குறைவு. கூர்மையான சத்தத்தை நார் பிடித்துக்கொள்ள, கனமான ஒரு உறுமல் மட்டும் மிஞ்சும். பெயருக்கேற்றபடி சத்தத்தை அடக்கவும் செய்தது, ஆனால் முழுசாக அடக்கவில்லை.

பவர் எவ்வளவு கூடும்? 200 ஹெச்.பி. காரில் 2 ஹெச்.பி. கூடினால் யாருக்கும் தெரியாது. ஆனால் 20 ஹெச்.பி. காரில் அதே 2 ஹெச்.பி. என்றால் பத்து சதவீதம். மேட்டில் ஏறும்போது காலுக்கே தெரியும். இத்தாலி முழுக்க அப்போது ஓடியது இந்த மாதிரிச் சின்ன கார்கள்தான். சந்தை எங்கே இருக்கிறது என்பதை அபார்த் சரியாகக் கணித்தார்.

பொருளின் தோற்றத்திலும் கவனம் இருந்தது. கறுப்பு பெயின்ட், பளபளக்கும் குரோம் முனைகள், மேலே தேள் சின்னம். இத்தாலிய மொழியில் சைலன்சருக்கு மர்மித்தா என்று பெயர். அதே சொல்லுக்குச் சமையல் பானை என்றும் அர்த்தம் உண்டு. காருக்கு அடியில் யாரும் பார்க்காத ஒரு தகரப் பானையாக இருந்ததை, ஆசைப்பட்டு வாங்கும் பொருளாக மாற்றினார் அபார்த். ஃபியட்டுக்கு மட்டும் இல்லை, லான்சியா, ஆல்ஃபா ரோமியோ எனப் பல கம்பெனிகளின் மாடல்களுக்கும் தனித்தனி சைலன்சர் வந்தது. 1960களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஏற்றுமதியும் நடந்தது.

மரப்பெட்டிக்குள் ஒரு பந்தயக் கார்

1955இல் ஃபியட் 600 வந்தது. 633 சி.சி., சுமார் 21 ஹெச்.பி. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த இத்தாலியக் குடும்பங்கள் நான்கு சக்கரத்துக்கு மாறிய காலம் அது. வாங்கியவருக்கு அது வாழ்க்கையின் முதல் கார். பெரிய காருக்கு வசதி கிடையாது, ஆனால் வேகத்தின் மேல் ஆசை உண்டு.

அபார்த் அந்த எஞ்சினை 747 சி.சி.யாகப் பெரிதாக்கினார். பவர் 40 ஹெச்.பி.யைத் தாண்டியது, அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு காராகவும் வாங்கலாம். இல்லையென்றால் கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியாக வாங்கி, உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்துத் தன் காரிலேயே மாட்டிக்கொள்ளலாம். இன்று பெர்ஃபார்மன்ஸ் கிட் என்று விற்கிறார்களே, அதன் ஆரம்ப வடிவங்களில் இதுவும் ஒன்று.

இந்த 750 எஞ்சினை வைத்து ஸகாட்டோ நிறுவனம் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு பாடி கட்டியது. கூரை தாழ்வு என்பதால், ஓட்டுநர் தலைக்கும் பக்கத்தில் இருப்பவர் தலைக்கும் மேலே இரண்டு மேடுகள். இடப் பிரச்சினைக்காகச் செய்தது, பிறகு அதுவே அந்தக் காரின் அடையாளம் ஆனது. அமெரிக்காவில் இந்தக் கார்களை இறக்குமதி செய்து பந்தய டீமும் நடத்தியவர் யார் தெரியுமா? முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகன் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜூனியர்.

ஏழு நாள், ஏழு இரவு

1957 ஜூலையில் ஃபியட் 500 அறிமுகமானது. இன்று அது ஒரு கிளாசிக். ஆனால் வந்த புதிதில் ஜனங்களுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. 479 சி.சி., வெறும் 13 ஹெச்.பி., கதவுக் கண்ணாடியைக் கூட இறக்க முடியாது. விற்பனை மந்தம்.

அபார்த் அந்த எஞ்சினின் அளவை மாற்றாமலேயே டியூன் செய்தார். பவர் 26 ஹெச்.பி. வரை போனது. 1958 பிப்ரவரியில் மிலான் அருகே உள்ள மோன்ஸா டிராக்கில் அந்தக் காரை இறக்கினார். ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்ட, ஏழு நாட்கள் இரவு பகலாக ஓடியது கார். மொத்தம் 18,186 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 108 கி.மீ. பெட்ரோல் போட, டயர் மாற்ற நின்ற நேரமும் இதற்குள் அடக்கம். ஆறு சர்வதேச சாதனைகள் பதிவாகின.

சாதாரணக் குடும்பக் காரைப் பற்றி இருந்த சந்தேகத்தை இது மாற்றிப் போட்டது. ஃபியட் கணக்குப் போட்டுப் பார்த்தது. தன் கார்களுக்கு இவ்வளவு நல்ல விளம்பரம் வேறு எங்கே கிடைக்கும்? பாதி முடித்த கார்களை அபார்த்துக்குக் கொடுப்பது, ஃபியட்-அபார்த் பெயரில் வரும் ஒவ்வொரு வெற்றிக்கும் சாதனைக்கும் போனஸ் கொடுப்பது என்று ஒப்பந்தம் போட்டது.

இங்கேதான் அபார்த்தின் பிசினஸ் மாடல் முழுமையடைந்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஜெயித்தால் ஃபியட்டிடம் இருந்து பணம். திங்கட்கிழமை அதே வெற்றியைக் காட்டி சைலன்சரும் கிட்டும் விற்பனை. அந்த லாபம் அடுத்த பந்தயத்துக்கு. சின்ன எஞ்சின் பிரிவுகளில் பெரிய கம்பெனிகள் அவ்வளவாகக் கவனம் செலுத்தவில்லை. அபார்த் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்.

1960களில் ஃபியட் 600 வடிவத்தில் வந்த 850 டிசி, 1000 டிசி கார்கள் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயங்களில் தங்கள் பிரிவை ஆட்டிப் படைத்தன. அந்தக் கார்களின் படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பின்பக்க எஞ்சின் மூடி திறந்தே இருக்கும். மூட மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். எஞ்சின் சூடு தணியவும், காற்றோட்டத்தைச் சாதகமாக்கவும் அப்படியே நிறுத்தி வைத்தது அது. கொஞ்ச நாளில் பந்தயத்துக்கே போகாதவர்களும் தங்கள் காரில் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார்கள்.

30 கிலோ எடை குறைத்த முதலாளி

அபார்த் உயரமான மனிதர். நல்ல உடை, நல்ல சாப்பாடு என்று வாழ்ந்தவர். 1965இல் கம்பெனி 100ஆவது சாதனையை நெருங்கியபோது, அதைத் தானே ஓட்டிச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார். வயது 56. பிரச்சினை என்னவென்றால், ஒற்றை இருக்கை கொண்ட அந்த 1000 சி.சி. சாதனைக் காருக்குள் அவரால் நுழையவே முடியவில்லை.

காரைப் பெரிதாக்கவில்லை, தன்னைக் குறைத்துக்கொண்டார். ஆப்பிளை முக்கிய உணவாக வைத்து 30 கிலோ குறைத்ததாகச் சொல்லப்படுகிறது. 1965 அக்டோபர் 20 அன்று மோன்ஸாவில் அந்தக் காரில் உட்கார்ந்து, நின்ற இடத்தில் இருந்து கிளம்பும் வேகத்துக்கான சாதனையைப் படைத்தார். 100 முடிந்தது. ஆப்பிள்களுக்கு நடுவே அவர் இருக்கும் விளம்பரப் படங்கள் இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன. ரயிலோடு போட்டி போட்ட பழைய இளைஞருக்கு, எது செய்தியாகும் என்பது மறக்கவே இல்லை.

கணக்கு எங்கே தப்பியது?

இவ்வளவு நன்றாகப் போன கம்பெனி ஏன் விற்கப்பட்டது?

முதல் காரணம், ஆசை பெரிதானது. கிட் போட்ட குடும்பக் கார்களில் ஜெயித்தவர், 1960களின் இரண்டாம் பாதியில் 2000 சி.சி. ஸ்போர்ட்ஸ் பந்தயக் கார்கள் பக்கம் போனார். இவை முழுக்க முழுக்கப் பந்தயத்துக்காகவே கட்டப்பட்டவை. இவற்றில் இருந்து ஒரு சாதாரண கார் ஓனருக்கு விற்க எதுவும் இல்லை. செலவு மட்டும் பல மடங்கு.

இரண்டாவது, சூழ்நிலை. 1969இல் இத்தாலியத் தொழிற்சாலைகளில், குறிப்பாக டூரினில், பெரும் வேலைநிறுத்தங்கள். பந்தய விதிகளும் அடிக்கடி மாறின. ஒவ்வொரு விதி மாற்றமும் சின்ன கம்பெனிக்குப் புதுச் செலவு.

மூன்றாவதுதான் அடிப்படையானது. அபார்த் எடுத்துக்கொண்டதில் பெரும்பாலானவை இன்னொருவரின் கார்கள். போர்ஷேவோடு சேர்ந்து 1960இல் 356 கரேராவின் இலகு ரகக் கார் செய்தார். பிரான்சின் சிம்காவோடு சேர்ந்தும் கார்கள் வந்தன. ஆனால் சிம்காவை அமெரிக்க கிரைஸ்லர் கைப்பற்றியதும் அந்த உறவு முடிந்தது. கடைசியில் கையில் இருந்தது ஃபியட் மட்டும். ஃபியட் இல்லாமல் அபார்த் இல்லை. அபார்த் இல்லாமலும் ஃபியட் இருக்கும்.

1971 ஜூலை 31 அன்று கம்பெனி ஃபியட்டுக்கு விற்கப்பட்டது. ஸ்போர்ட்ஸ் பந்தயக் கார்களில் ஃபியட்டுக்கு ஆர்வம் இல்லை, அந்தப் பகுதி ஒஸெல்லா டீமுக்குப் போனது. ஃபியட்டுக்கு வேண்டியது அபார்த்தின் ஆட்களும் அனுபவமும். அவர்களை வைத்து ராலி பிரிவை நடத்தியது.

அபார்த் பிறகு வியன்னாவுக்கே திரும்பினார். ஃபியட் 131 அபார்த் கார் 1977, 1978 ஆண்டுகளில் உலக ராலி சாம்பியன் பட்டத்தைக் கம்பெனிக்கு வாங்கித் தந்தது. கார் மேல் அவர் பெயர் இருந்தது, ஆனால் கம்பெனி அவருடையது இல்லை. 1980இல் மூன்றாவது பட்டம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1979 அக்டோபர் 24 அன்று, 71ஆவது பிறந்த நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காலமானார்.

பெயருக்கு வந்த சோதனை

அவர் இறந்த பிறகும் அந்தத் தொழிற்சாலை ஆட்கள் சாதித்தார்கள். 1983இல் உலக ராலி பட்டம் வென்ற லான்சியா 037 காரின் பெயரில் இருக்கும் 037, அபார்த் பிரிவின் பிராஜெக்ட் எண்தான்.

அதற்குப் பிறகு சோதனைக் காலம். தனி கம்பெனி என்பது போய், அபார்த் என்பது சில ஃபியட் மாடல்களில் ஒட்டப்படும் பேட்ஜாகச் சுருங்கியது. சைலன்சரும் பிஸ்டனும் விற்றுச் சம்பாதித்த பெயரை, சீட் துணிக்கும் ஸ்டிக்கருக்கும் பயன்படுத்தினால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

2007இல் ஃபியட் அபார்த்தைத் தனி பிராண்டாக மறுபடி தொடங்கியது. அடுத்த ஆண்டு அபார்த் 500 வந்தது. அதற்கான எஸ்ஸே எஸ்ஸே பவர் கிட்டை எப்படி விற்றார்கள் தெரியுமா? மரப்பெட்டியில் வைத்து! ஐம்பது வருடத்துக்கு முந்தைய பழக்கம் அப்படியே திரும்பியது.

இந்தியாவுக்கும் இந்தத் தேள் வந்தது. 2015இல் அபார்த் 595 இறக்குமதியாக வந்தது. அதே ஆண்டு, புனே அருகே ரஞ்சன்காவ் ஆலையில் தயாரான அபார்த் புன்டோவும் விற்பனைக்கு வந்தது. 145 ஹெச்.பி. அந்த விலையில் அப்போது அவ்வளவு பவர் கொடுத்த ஹேட்ச்பேக் அரிது. விற்பனை நீடிக்கவில்லை, ஃபியட்டே இந்தியக் கார் சந்தையை விட்டுப் போய்விட்டது. ஆனால் வைத்திருப்பவர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

இப்போது எலெக்ட்ரிக் காலம். எலெக்ட்ரிக் காரில் புகை இல்லை, சைலன்சருக்கு வேலையே இல்லை. அப்போ சைலன்சரால் வளர்ந்த ஒரு பெயர் என்ன செய்யும்? 2022 நவம்பரில் அறிமுகமான அபார்த் 500இ எலெக்ட்ரிக் காரில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. வெளியே ஒலிக்கும் ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தி, பெட்ரோல் அபார்த்தின் உறுமலைச் செயற்கையாக எழுப்புகிறார்கள். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம்.

இதைக் கேலி செய்பவர்களும் உண்டு, ரசிப்பவர்களும் உண்டு. கார்லோ அபார்த்தின் சைலன்சரில் சத்தமும் இருந்தது, பவரும் இருந்தது. வாங்கியவர் காதால் கேட்டதை மேட்டில் ஏறும்போது காலால் உணர முடிந்தது. ஸ்பீக்கரில் சத்தம் மட்டும்தான். அடுத்த முறை உங்கள் வண்டிக்குப் பந்தய ஸ்டைலில் ஏதாவது வாங்கும்போது இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தப் பாகம் ஏதாவது வேலை செய்கிறதா, இல்லை சத்தம் மட்டும்தானா? ஒரு விஷயம், நம்ம ஊரில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு அதிகச் சத்தம் போடுவதை மாட்டினால் அபராதம் உண்டு.